பிளஸ் டூ ஆங்கிலத் தேர்வு: எல்லையோரத் தமிழ்ப் பிள்ளைகள் வீட்டிலிருந்தே வாசிக்கவும் எழுதவும் பழகுவது எப்படி?

வேலந்தாவளம் விவசாயி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், வேலந்தாவளத்துக்குச் சற்று மேற்கே தென்னையும் கொஞ்சம் நிலக்கடலையும் வைத்திருக்கும் விவசாயி நான். வீட்டில் பேசுவது தமிழ். வேளாண் அலுவலகமான கிருஷி பவனிலும் வங்கியிலும் மலையாளம். ஆங்கிலத்தோடு எனக்குப் பழக்கமே இல்லை. என் மகள் பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தாள். பிளஸ் ஒன் சேர்ந்த அன்றிலிருந்து இயற்பியல், வேதியியல் உட்பட எல்லாம் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டன. இப்போது பிளஸ் டூ, மார்ச்சில் பொதுத்தேர்வு.

ஓணப் பரீட்சை முடிந்த பிறகு, பொதுத்தேர்வு அளவிலேயே ஆங்கிலத்துக்கு ஒரு தேர்வு வைத்தார்கள். 80க்கு 27 வாங்கியிருக்கிறாள். எழுத்துத் தேர்வில் 30 சதவீதம், அதாவது 24 இருந்தால் தேர்ச்சி என்று தோழிகள் ஆறுதல் சொன்னார்களாம். எனக்கு மனம் ஆறவில்லை. விடைத்தாளை வாங்கிப் புரட்டி, அவளையே ஒவ்வொன்றாக விளக்கச் சொன்னேன். பாடத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு கைடில் உள்ள விடையை வரி பிசகாமல் எழுதியிருக்கிறாள். அதற்குப் பாதி மதிப்பெண்தான் கிடைத்திருக்கிறது. பாடத்தில் இல்லாத பத்தியைக் கொடுத்துக் கேட்ட கேள்விகளுக்கு அந்தப் பத்தியின் வரிகளையே எடுத்து எழுதியிருக்கிறாள். பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம் எழுதச் சொன்ன இடத்தில் முகவரியும் தேதியும் ஒழுங்காக இருக்கின்றன. கடிதமோ இரண்டு வரியோடு நின்றுவிட்டது.

இதே பெண் தமிழில் நான்கு பக்கம் தடையில்லாமல் எழுதுவாள். டியூஷனுக்காகப் பாலக்காடு வரை போய்வர அவளுக்கு நேரமில்லை. ஆங்கிலம் தெரியாத தகப்பன் பக்கத்தில் உட்கார்ந்து எதையாவது செய்ய முடியுமா என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஓய்வுபெற்ற மாஷ், சித்தூர் எழுதியது:

ஐயா, வணக்கம். உங்கள் தாலுகாவிலேயே பல ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். 27 என்ற எண்ணைவிட, விடைத்தாளைப் பற்றி நீங்கள் சொன்னதுதான் எனக்குப் பயன்படுகிறது. கொடுத்த பத்தியின் வரியையே எடுத்து எழுதியதாகச் சொன்னீர்கள். அது சரியான வரியாக இருந்ததா என்று மகளிடம் கேளுங்கள். சரியான வரி என்றால், விடை எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரிகிறது, வாசிப்பில் பாதி வேலை முடிந்துவிட்டது என்று பொருள். கேள்விக்கு ஏற்றபடி அந்த வரியைத் திருப்பிச் சொல்வதுதான் மீதி. அதற்கு நான் வகுப்பில் கையாண்ட வழி எளியது: பத்தியைப் படிக்கலாம், விடை இருக்கும் வரியைப் பென்சிலால் கோடிட்டுக்கொள்ளலாம், ஆனால் விடையை எழுதும்போது பத்தியைக் கவிழ்த்து வைத்துவிட வேண்டும். முதல் வாரம் பிள்ளைகள் திணறுவார்கள். கண்ணெதிரே வரி இல்லாதபோது மனத்தில் தங்கிய பொருளை மட்டுமே எழுத முடியும் என்பதால், சிறியதாக இருந்தாலும் வாக்கியம் அவர்களுடையதாக இருக்கும்.

ஆங்கிலம் தெரியாத தகப்பன் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அதை நான் மிகவும் முக்கியமாகக் கருதுகிறேன். நம் மாநிலத் தேர்வில் இரண்டரை மணி நேரம் எழுதுவதற்கு முன்னால் 15 நிமிடம் ‘கூல் ஆஃப் டைம்’ கொடுக்கிறார்கள். அந்த நேரத்தில் விடை எழுதக் கூடாது. கேள்விகளைப் படித்து, எதை எப்படி எழுதுவது என்று திட்டமிடுவதற்காகவே அது. தெரிந்த கேள்வி எத்தனை, தெரியாதது எத்தனை என்று எண்ணிப் பயப்படுவதிலேயே பல பிள்ளைகளுக்கு அந்தக் கால் மணி நேரம் கரைந்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய கேள்வித்தாள் ஒன்றை மகளிடம் கொடுத்து, பேனாவை நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 15 நிமிடம் முடிந்ததும், ஒவ்வொரு எழுத்துக் கேள்வியும் என்ன கேட்கிறது என்று தமிழில் சொல்லச் சொல்லுங்கள். யார் எழுதுவதாகக் கேட்கிறார்கள், யாருக்கு எழுத வேண்டும், எதற்காக, எந்த வடிவத்தில் என்ற நான்குக்கும் அவள் தயங்காமல் விடை சொன்னால் அந்தக் கேள்வி அவளுக்குப் புரிந்திருக்கிறது. கதையில் வரும் தாய் தன் மகனுக்கு எழுதும் கடிதத்தைக் கேட்டிருக்கும்போது கதைச் சுருக்கத்தை எழுதி மதிப்பெண் இழந்த பிள்ளைகளை ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய ஆங்கிலத்தில் குறையில்லை. கேள்வியை வாசித்ததில்தான் குறை.

மகள் தமிழில் நன்றாக எழுதுவாள் என்றீர்கள். அதைத் தனியான ஒரு செய்தியாக நினைக்காதீர்கள். ஆங்கிலத்துக்கும் அதுவே முதல். கடிதம் இரண்டு வரியில் நின்றது சொற்கள் இல்லாததாலா, சொல்ல விஷயம் இல்லாததாலா என்று முதலில் பார்க்க வேண்டும். அதே கடிதத்தை நேரக் கட்டுப்பாடு இல்லாமல் ஒருமுறை எழுதச் சொல்லுங்கள். கைடு வேண்டாம், அகராதி இருக்கட்டும். எழுதியதைத் திருத்தாமல் இங்கே பதியுங்கள்.

பொள்ளாச்சி ஆசிரியை எழுதியது:

மாஷ் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். இரண்டு செய்திகளைச் சேர்க்க வேண்டும்.

முதலாவது எச்சரிக்கை. கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் பக்கத்துப் பெற்றோர் பலர் பொள்ளாச்சிக்கு வரும்போது எங்கள் ஊர்க் கடைகளில் பிளஸ் டூ ஆங்கிலக் கைடு வாங்கிப் போவதைப் பார்த்திருக்கிறேன். தமிழில் பொருள் போட்டிருக்கிறது என்பது அவர்கள் சொல்லும் காரணம். தமிழ்நாட்டுத் தேர்வின் அமைப்பே வேறு. இங்கே எழுத்துத் தேர்வு 90 மதிப்பெண்ணுக்கு, மூன்று மணி நேரம், அகமதிப்பீடு 10. ஒரு மதிப்பெண் கேள்விகள் மட்டும் 20 வரும். பிறகு இரண்டு, மூன்று, ஐந்து மதிப்பெண் கேள்விகள் பகுதிக்கு ஏழாக எழுத வேண்டும். ஒத்தசொல், எதிர்ச்சொல், பாடப் பத்தி ஆகியவற்றை உழைத்துப் படித்த பிள்ளை இந்தத் தேர்வில் கரையேறிவிடும். கேரளத் தேர்வில் பாடத்தைத் தெரிந்துகொண்டு, அதை வைத்து உரையோ அறிக்கையோ நாட்குறிப்போ மதிப்புரையோ எழுதிக் காட்டச் சொல்கிறார்கள். பாடமும் வேறு, கேட்கும் முறையும் வேறு என்பதால் எங்கள் கைடு உங்கள் பிள்ளைகளுக்கு உதவாது.

இரண்டாவது, வடிவங்களை மனப்பாடம் செய்வதைப் பலர் இழிவாகப் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கடிதத்தின் தொடக்கமும் முடிவும், அறிவிப்புப் பலகையில் வரவேண்டிய தேதி, நேரம், இடம், வேலைக்கு விண்ணப்பிக்கும் கடிதத்தோடு இணைக்கும் தன்விவரக் குறிப்பின் வரிசை ஆகியவற்றைப் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு எழுத வேண்டும். தேர்வு அறையில் யோசிக்கத் தேவையில்லாத வேலையை யோசிக்காமல் செய்தால்தான், யோசிக்க வேண்டிய இடத்துக்கு நேரம் மிஞ்சும். உங்கள் மகள் முகவரியையும் தேதியையும் சரியாக எழுதியிருக்கிறாள் என்றால் அவள் ஆசிரியர் அதை நன்றாகவே கற்பித்திருக்கிறார்.

ஆனால் முதலில் தமிழில் எழுதிவிட்டுப் பிறகு மொழிபெயர்க்கும் பழக்கத்துக்கு மட்டும் அவளை விட்டுவிடாதீர்கள். அது நேரத்தைத் தின்னும், வாக்கியமும் கோணலாகும்.

ஓய்வுபெற்ற மாஷ், சித்தூர் எழுதியது:

அம்மா, வடிவத்தை மனப்பாடம் செய்வதில் உங்களோடு எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. தமிழைப் பற்றி நீங்கள் சொன்னதில் மட்டும் ஒரு வேறுபாடு உண்டு. முழு வாக்கியங்களைத் தமிழில் எழுதி அவற்றை ஆங்கிலமாக்குவது கூடாதுதான். என்ன சொல்லப் போகிறோம் என்பதைத் தமிழில் நான்கைந்து சொற்களாகக் குறித்துக்கொள்வதைத் தடுக்கக் கூடாது. தமிழில் யோசிக்காதே என்று பிள்ளைகளிடம் சொல்லும்போது, அவர்களில் பலர் யோசிப்பதையே நிறுத்திவிட்டுக் கைடுக்குத் திரும்பிவிடுகிறார்கள். தமிழ் வாக்கியமும் ஆங்கில வாக்கியமும் எந்தெந்த இடத்தில் வழி பிரிகின்றன என்று தெரிந்துவிட்டால், தமிழில் யோசிக்கிற பிள்ளைக்கு அந்தத் தமிழே துணையாகும்.

மூணாறு லயத்துப் பெண் எழுதியது:

நான் தேவிகுளம் தாலுகாவில் லயம் எனப்படும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில் வளர்ந்தவள். இப்போது செவிலியர் படிப்பு மூன்றாம் ஆண்டில் இருக்கிறேன். அண்ணா, உங்கள் மகளைப் போலவே நானும் பத்து வரை தமிழ் வழி. பிளஸ் ஒன் அரையாண்டுத் தேர்வில் ஆங்கிலத்தில் தேறவில்லை என்பதை இங்கே சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை, ஏனென்றால் அதன் பிறகு நடந்ததுதான் உங்களுக்குப் பயன்படும்.

எங்கள் வகுப்பு டீச்சர் வாரத்துக்கு ஒரே ஒரு தலைப்பு கொடுப்பார். திங்கட்கிழமை எழுதிக் கொடுத்தால் தவறுகளின் கீழ் கோடு மட்டும் போட்டுத் திருப்பித் தருவார். சரியான சொல்லை எழுதித் தரமாட்டார். புதன்கிழமை அதையே திருத்தி மறுபடியும் எழுத வேண்டும். வெள்ளிக்கிழமை பழைய தாளைப் பார்க்காமல் மூன்றாவது முறை எழுத வேண்டும். மற்ற வகுப்புகளில் வாரத்துக்கு மூன்று தலைப்பு எழுதுகிறார்களே என்று நாங்கள் முறையிட்டோம். மூன்று தலைப்பில் ஒரே தவறை மூன்று முறை எழுதுவதைவிட, ஒரு தலைப்பில் ஒரு தவறை மூன்றாவது முறை எழுதாமல் இருப்பது எவ்வளவு பெரிய வளர்ச்சி என்று எனக்குப் புரிய இரண்டு மாதம் ஆயிற்று. வெள்ளிக்கிழமைத் தாள்தான் தேர்வு அறையில் என் கையைப் பிடித்துக்கொண்டது.

தலைப்புகளும் எங்கள் வாழ்க்கையிலிருந்தே வரும். லயத்துக்கு ஜீப் வரும் பாதை மழையில் அரித்துப்போனதைப் பற்றிய அறிக்கை, வட்டவடைக் காய்கறித் தோட்டங்களைப் பார்த்துவிட்டு வந்த பயணக் குறிப்பு, கொழுந்து எடுக்கும் பெண் ஒருவரோடு உரையாடல் என்று கொடுப்பார். கண்ணால் பார்த்ததை எழுதும்போது விஷயத்துக்குப் பஞ்சமில்லை. மொழியோடு மட்டும் மல்லுக்கட்டினால் போதும். பெரிய பெரிய தலைப்புகளில் எழுதச் சொன்ன நாட்களில் எங்களுக்கு இரண்டு வரிதான் வந்தது.

கணக்கும் படிக்கணும் எழுதியது:

என் மகனும் அறிவியல் பிரிவில் பிளஸ் டூ படிக்கிறான். கணக்கும் இயற்பியலும் வேதியியலும் தலைக்கு மேல் இருக்கும்போது ஆங்கிலத்துக்குத் தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்குவது நடக்கக்கூடியதா என்பதைச் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற மாஷ், சித்தூர் எழுதியது:

ஒரு மணி நேரம் தேவையில்லை. நாள்தோறும் 15 நிமிட வாசிப்பும், வாரத்தில் மூன்று நாள் 20 நிமிட எழுத்தும் போதும். இடைவிடாமல் நடக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. அத்துடன், மற்றப் பாடங்களின் கேள்விகளும் ஆங்கிலத்தில்தானே வருகின்றன? இயற்பியல் கேள்வி ஒன்று ‘எக்ஸ்ப்ளெய்ன்’ என்று கேட்கிறதா, ‘டிஃபைன்’ என்று கேட்கிறதா என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்த பிள்ளைக்கு அந்தப் பாடத்திலும் மதிப்பெண் கூடும்.

வாசிப்பதற்கு எங்கும் அலைய வேண்டாம். நம் பக்கத்தில் வாயனசாலை, அதாவது ஊர் நூலகம், இல்லாத பஞ்சாயத்து அரிது. நூலக இயக்கத்தை ஊர் ஊராகக் கட்டியெழுப்பிய பி.என்.பணிக்கர் மறைந்த ஜூன் 19ஐ வாசிப்பு நாளாகக் கொண்டாடும் மாநிலம் இது. அந்த ஒரு நாள் மட்டும் பிள்ளைகளை வாயனசாலைக்கு அழைத்துப்போய்ப் படமெடுத்துக்கொள்வதில் எனக்கு வருத்தமுண்டு. அங்கே வரும் ஆங்கில நாளிதழில் நடுப்பக்கக் கட்டுரை வேண்டாம். அது பிள்ளைகளை மிரட்டிவிடும். மாவட்டச் செய்திப் பக்கத்தில் 150 சொல் அளவில் ஒரு செய்தி போதும். நம் ஊர்ச் செய்தியாக இருந்தால் பாதிப் பொருள் முன்பே தெரிந்திருக்கும். தெரியாத சொல்லின் பொருளை இடத்தை வைத்து ஊகிக்கும் பழக்கம் அப்படித்தான் பிறக்கிறது. படிக்கும்போது ‘இட்’, ‘தே’, ‘திஸ்’ என்று வரும் ஒவ்வொரு இடத்திலும் அது எதைக் குறிக்கிறது என்று அம்புக்குறி போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தேர்வில் அந்தச் சொற்களை வைத்துத் தனிக் கேள்வியே வரும். வராவிட்டாலும், எது யாரைக் குறிக்கிறது என்று தவறவிட்டவர்கள் பத்தியின் பொருளையே தவறவிடுகிறார்கள்.

வேலந்தாவளம் விவசாயி எழுதியது:

மாஷ், நீங்கள் கேட்டபடி மகளை விசாரித்தேன். கேட்ட ஐந்தில் நான்குக்கு அவள் எடுத்து எழுதியது சரியான வரிதான். அதைக் கேட்டபோது எனக்கே கொஞ்சம் தெம்பு வந்தது.

கடிதத்தை நேற்று இரவு எழுதினாள். ஆழியாற்றுத் தண்ணீர் எங்கள் கடைமடைக் கால்வாய்க்கு வராததைப் பற்றிப் பத்திரிகை ஆசிரியருக்கு எழுதியது. அவள் வாசிக்க, நான் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டு இங்கே இடுகிறேன்.

‘ஐ ஆம் எ ஸ்டூடண்ட் ஃப்ரம் சித்தூர் தாலுக். வாட்டர் வாஸ் நாட் கேம் டு அவர் கெனால் ஃபார் த்ரீ வீக்ஸ். தி வாட்டர் வெய்ட்டிங் ஃபார்மர்ஸ் ஆர் வெரி சஃபரிங். மை ஃபாதர் அண்ட் அதர் ஃபார்மர்ஸ் டிஸ்கஸ்ட் அபவுட் திஸ் ப்ராப்ளம் வித் ஆஃபீசர். ஹி டோல்ட் தட் ஐ வில் ஓப்பன் தி ஷட்டர் டுமாரோ. பட் வாட்டர் நாட் கேம். கைண்ட்லி பப்ளிஷ் திஸ் லெட்டர்.’

ஓய்வுபெற்ற மாஷ், சித்தூர் எழுதியது:

முதலில் உங்கள் மகளுக்கு என் பாராட்டு. ஏழு வாக்கியத்தில் ஒரு கதை முழுதாக இருக்கிறது: யார், என்ன குறை, என்ன முயன்றோம், என்ன ஆயிற்று. கைடிலிருந்து எடுத்த எந்தக் கடிதத்திலும் இந்த உயிர் இருக்காது. தவறுகளில் நான்கை மட்டும் சொல்கிறேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் திருத்தினால் எதுவும் மனத்தில் நிற்காது.

‘வாட்டர் வாஸ் நாட் கேம்’ என்பதில் தொடங்குவோம். தமிழில் ‘வரவில்லை’ என்ற ஒரே சொல் மறுப்பையும் சுமந்துகொள்கிறது. ஆங்கிலத்தில் கடந்த காலத்தை மறுக்க ‘டிட் நாட்’ என்ற துணை வேண்டும். அது வந்துவிட்டால் வினை தன் பழைய உருவத்துக்குத் திரும்பி ‘கம்’ ஆகிவிடும். ‘வாட்டர் டிட் நாட் கம்’ என்பதே சரி. மூன்று வாரமாக இன்னும் வரவில்லை என்று சொல்ல ‘ஹேஸ் நாட் கம்’ இன்னும் பொருந்தும். கடைசிக்கு முந்தைய வாக்கியத்திலும் இதே தவறுதான் வேறு உருவத்தில் இருக்கிறது. அதை அவளே திருத்தட்டும்.

‘தி வாட்டர் வெய்ட்டிங் ஃபார்மர்ஸ்’ என்ற தொடரைப் படித்ததும் எனக்கு மகிழ்ச்சியே உண்டாயிற்று, ஏனென்றால் இது சிந்திக்கிற பிள்ளை செய்யும் தவறு. ‘தண்ணீருக்காகக் காத்திருக்கும் விவசாயிகள்’ என்று தமிழில் விவரம் முழுவதும் பெயருக்கு முன்னால் வருகிறது. எவ்வளவு நீளமாக இருந்தாலும் நாம் அதைப் பெயருக்கு முன்னால் அடுக்குவோம்: நேற்று மாலை மழையில் நனைந்துகொண்டே வந்த பையன். ஆங்கிலத்தில் பெயர் முதலில் வந்து நின்றுவிடும். விவரம் பின்னால் ‘ஹூ’, ‘விச்’, ‘தட்’ ஆகியவற்றின் கையைப் பிடித்துக்கொண்டு வரும். ‘ஃபார்மர்ஸ் ஹூ ஆர் வெய்ட்டிங் ஃபார் வாட்டர்’. இந்த ஒரு திருப்பம் பழகிவிட்டால் பாடப்புத்தகத்தின் நீண்ட வாக்கியங்களைப் புரிந்துகொள்வதும் எளிதாகும். இதை வாசிப்புக்கும் எழுத்துக்கும் பொதுவான சாவி என்றே சொல்வேன். தினமும் ஐந்து தமிழ்த் தொடரை எடுத்து இப்படித் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்களும் தோப்பில் வேலை செய்துகொண்டே எடுத்துக் கொடுக்கலாம்: காற்றில் விழுந்த தென்னை, அப்பா வாங்கிய மோட்டார், நம் வீட்டுக்கு வந்த கணக்கெடுப்பாளர்.

‘டிஸ்கஸ்ட் அபவுட்’ என்பதில் ‘அபவுட்’ தேவையில்லை. ‘பற்றி விவாதித்தோம்’ என்று நாம் சொல்வதால் வரும் பிழை இது. ஆங்கிலத்தில் அந்த வினை நேராகவே செயப்படுபொருளை எடுத்துக்கொள்ளும்.

நான்காவதுதான் பெரியது. ‘ஹி டோல்ட் தட் ஐ வில் ஓப்பன் தி ஷட்டர் டுமாரோ’. பிறர் கூற்றை நம் கூற்றாக மாற்றும் கேள்வி தேர்வில் தவறாமல் வரும். அங்கே நம் பிள்ளைகள் இழக்கும் மதிப்பெண்ணுக்குக் காரணம் ‘என்று’ என்ற சொல். ‘நாளை ஷட்டரைத் திறக்கிறேன் என்று சொன்னார்’ என்னும்போது, அவர் வாயிலிருந்து வந்த சொற்களை அப்படியே வைத்து ‘என்று’ போட்டு முடிச்சிட்டுவிடுகிறோம். ‘நான்’, ‘நாளை’ எதுவும் மாறுவதில்லை. ஆங்கிலத்தில், அவர் சொன்னதை இப்போது எடுத்துச் சொல்கிற நம் இடத்திலிருந்து எல்லாவற்றையும் மறுபடி பார்க்க வேண்டும். ‘நான்’ என்பது ‘அவர்’ ஆகிறது. ‘வில்’ என்பது ‘வுட்’ ஆகிறது. ‘நாளை’ என்பது ‘மறுநாள்’ ஆகிறது. ‘ஹி டோல்ட் அஸ் தட் ஹி வுட் ஓப்பன் தி ஷட்டர் தி நெக்ஸ்ட் டே’. ‘டோல்ட்’ வந்தால் யாரிடம் சொன்னார் என்பதும் உடன் வர வேண்டும், அதற்காக ‘அஸ்’. நம் தமிழிலும் இதற்கு ஒரு வழி இருக்கிறது என்பதை மகளுக்குக் காட்டுங்கள்: ‘தான் மறுநாள் ஷட்டரைத் திறப்பதாகச் சொன்னார்’. இந்த ‘தான்... ஆக’ வாக்கியத்தை முதலில் மனத்தில் அமைத்துக்கொண்டால் ஆங்கில வாக்கியம் ஏறக்குறைய தானாக வரும். தமிழ் துணை செய்யும் என்று நான் மேலே சொன்னது இந்த மாதிரி இடங்களை நினைத்துத்தான்.

கடிதத்துக்கு ஒரு செய்தியும் சேர்க்கலாம். பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு அணைக்கட்டில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் உண்டு. அந்த ஒரு எண்ணை உரிய இடத்தில் வைத்தால், குறை சொல்லும் கடிதம் உரிமை கேட்கும் கடிதமாகிவிடும்.

நகரி நெசவாளர் வீடு எழுதியது:

நான் ஆந்திர எல்லையில் நகரியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு. என் தம்பி இன்டர்மீடியட் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். மாஷ் ‘என்று’ பற்றி எழுதியதைப் படித்ததும் சொல்லத் தோன்றியது: தெலுங்கிலும் ‘அனி’ என்று இதே முடிச்சுதான் போடுகிறோம். மலையாளத்தில் ‘என்னு’ இருக்கிறது. ஆக இரண்டு தென்னக மொழி பேசும் பிள்ளைகளுக்கு இந்தத் தவறு இரு பக்கத்திலிருந்தும் வந்து சேர்கிறது. இரண்டாவது மொழி திருத்தும் என்று எதிர்பார்க்க முடியாது. தம்பிக்கு நான் செய்த பயிற்சி ஒன்றுண்டு. இரவு சாப்பிடும்போது, அன்று கல்லூரியில் யார் என்ன சொன்னார்கள் என்பதை ‘தான்... ஆகச் சொன்னார்’ வடிவில் மூன்று வாக்கியம் சொல்லிவிட்டு, பிறகு அதையே ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். எழுதவே வேண்டாம். ஒரு மாதத்தில் பிழை பாதியாகக் குறைந்தது.

கொழிஞ்சாம்பாறை மாணவன் எழுதியது:

மாஷ், எனக்கு ஒரு சந்தேகம். ஒருவரைப் பற்றிய குறிப்புகளைக் கொடுத்து ‘ப்ரொஃபைல்’ எழுதச் சொல்லும் கேள்வியில் எல்லாக் குறிப்பையும் எழுதினாலும் எனக்குப் பாதி மதிப்பெண்தான் வருகிறது. பிழையும் அதிகம் இல்லை. காரணம் என்னவாக இருக்கும்?

ஓய்வுபெற்ற மாஷ், சித்தூர் எழுதியது:

தம்பி, குறிப்புகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வாக்கியமாக்கி வைத்திருப்பாய் என்று நினைக்கிறேன். அவர் அன்று பிறந்தார், அவர் அங்கே படித்தார், அவர் இந்த விருது பெற்றார் என்று ஒவ்வொரு வாக்கியமும் ‘ஹி’ என்று தொடங்கினால் அது பட்டியலாகவே நின்றுவிடும். நம் மாவட்டத்துக்காரரையே எடுத்துக்கொள்வோம். இ.ஸ்ரீதரன்: பிறப்பு 1932, பட்டாம்பிக்கு அருகில் கருகப்புத்தூர், பொறியியல் படிப்பு காக்கிநாடாவில், 1964 புயலில் சிதைந்த பாம்பன் ரயில் பாலத்தை 46 நாளில் சீரமைத்தார், கொங்கண் ரயில்வே, டெல்லி மெட்ரோ, பத்மஸ்ரீ 2001, பத்ம விபூஷண் 2008.

இதில் பிறந்த ஊரும் படிப்பும் ஒரே வாக்கியத்தில் அடங்கும்: ‘பார்ன் இன் 1932 இன் கருகப்புத்தூர், ஹி ஸ்டடீட் இன்ஜினீயரிங் இன் காக்கிநாடா’. இரண்டு விருதும் ஒரே வாக்கியத்தில் போகட்டும். பாம்பனுக்கு மட்டும் இரண்டு வாக்கியம் கொடு. புயல் என்ன செய்தது, அவர் எத்தனை நாளில் முடித்தார் என்பதைப் படிக்கிறவர் நின்று பார்க்க வேண்டும். எந்தக் குறிப்பைச் சுருக்குவது, எதை விரிப்பது என்று நீ முடிவு செய்திருக்கிறாய் என்று திருத்துகிறவருக்குத் தெரிய வேண்டும். விடுபட்ட பாதி மதிப்பெண் அங்கேதான் இருக்கிறது. தொடக்க வாக்கியம் பிறந்த தேதியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அவர் யாராக அறியப்படுகிறார் என்பதிலிருந்து தொடங்கலாம்.

பொள்ளாச்சி ஆசிரியை எழுதியது:

மாஷின் திருத்தத்தைப் படித்த பிறகு தமிழில் எழுதிப் பார்ப்பது பற்றி நான் முதலில் சொன்னதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். ‘தான்... ஆக’ என்ற வாக்கியத்தை என் வகுப்பிலும் நாளை முயன்று பார்ப்பேன். பெற்றோருக்கு ஒரு சிறு செய்தி: தேர்வுக்கு முந்தைய மாதத்தில் எழுத்துப் பயிற்சியைக் கடிகாரம் வைத்துச் செய்யுங்கள். அதற்கு முன் கடிகாரம் வேண்டாம். வாக்கியம் நேராகும் முன்னே வேகத்தைக் கேட்டால், பிழையைத்தான் வேகமாக எழுதுவார்கள்.

வேலந்தாவளம் விவசாயி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. மூணாறுத் தங்கை சொன்ன முறையிலேயே, கடிதத்தை மகள் ஒரு வாரத்தில் மூன்று முறை எழுதினாள். இரண்டாவது முறை ‘டிட் நாட் கம்’ சரியாகிவிட்டது. மூன்றாவது முறை பழைய தாளை நான் என் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டேன். பெயருக்குப் பின்னால் விவரத்தை வைக்கும் பயிற்சியைத் தோப்பில் தேங்காய் பொறுக்கும்போதே செய்கிறோம். நான் தமிழில் சொல்வேன், அவள் திருப்புவாள். இந்த வாரம் வந்த கடிதத்தின் நடு வாக்கியம் இது:

‘தி ஃபார்மர்ஸ் ஹூ டிபெண்ட் ஆன் திஸ் கெனால் ஹேவ் பீன் வெய்ட்டிங் ஃபார் த்ரீ வீக்ஸ், அண்ட் தி ஆஃபீசர் டோல்ட் அஸ் தட் ஹி வுட் ஓப்பன் தி ஷட்டர் தி நெக்ஸ்ட் டே.’

இதில் தவறு இருந்தால் சொல்லுங்கள், மாஷ்.

ஓய்வுபெற்ற மாஷ், சித்தூர் எழுதியது:

தவறு எதுவும் இல்லை. ஒரு சிறு யோசனை மட்டும்: ‘அண்ட்’ இருக்கும் இடத்தில் முற்றுப்புள்ளி வைத்து அதிகாரியைத் தனி வாக்கியமாக்கினால், அவர் சொன்ன சொல்லுக்கும் நடந்ததற்கும் உள்ள இடைவெளி இன்னும் தெளிவாகத் தெரியும். அடுத்த வாரத்துக்கு இதே விஷயத்தை அறிக்கையாக எழுதட்டும். கடிதத்தில் இருந்த ‘மை ஃபாதர்’ அறிக்கையில் வரக் கூடாது என்பதை மட்டும் நினைவுபடுத்துங்கள். ஞாயிற்றுக்கிழமை இரவு பதிந்தால் திங்கட்கிழமை காலையில் பார்த்துச் சொல்கிறேன்.